நாலாவது சுரம்

எங்கள் தெரு பேண்டின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டபோதே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கத் தமிழ் நடத்தியவன், இப்போது சும்மா இருக்கிறவன், இந்தத் தெருவில் பிறந்தவன் என்று மூன்று காரணம் சொல்லி, பேண்டின் செயலாளர் ஒரு பழைய நோட்டையும் சில புகைப்படங்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் பெண். டிரம்பெட் வாசிப்பாள். அவள் வாசிப்பதைக் கேட்டிருந்தால் அந்தக் காலத்து பேண்டு மாஸ்டர் எழுந்து நின்றிருப்பார்.

பெரும்பகுதி எழுதுவதற்குச் சிரமமே இல்லை. தஞ்சாவூர் அரண்மனை பேண்டுக்குப் பெட்டி தூக்கப் போன எங்கள் தெருக்காரர் ஒருவர், வாத்தியம் எதையும் தொடவிடாத இடத்தில் காதை மட்டும் பயன்படுத்திக்கொண்டு ஊர் திரும்பியதில் தொடங்குகிறது எங்கள் வரலாறு. நாற்று முடி தூக்குகிற கைக்குக் கொம்பு எதற்கு என்று மிராசுதார்கள் சிரித்தார்கள். பத்து வருஷத்துக்குள் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே பேண்டு போனது. மாதா தேருக்கு வாசித்தோம், மாரியம்மன் திருவிழாவுக்கு வாசித்தோம், பக்கத்து ஊர் ராவுத்தர் வீடுகளின் சந்தனக்கூட்டுக்கு வாசித்தோம், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வாசித்தோம். எந்தச் சாமியும் எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. இதையெல்லாம் ஒரு வாரத்தில் எழுதிவிட்டேன்.

பிறகு அந்தப் பெண் தொலைபேசியில் பேசினாள்.

"அந்த யூபோனியம் கதைய மட்டும் விட்டுடாதீங்க சார். நல்லா விரிவா எழுதுங்க. வேற எந்த பேண்டுக்கும் அந்த மாதிரி ஒண்ணு கிடையாது."

அந்தக் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யூபோனியம் என்கிற, மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் குழலை வாசித்த ஒருவர் சின்ன வயதில் செத்துப்போனார். புதைத்த மறுநாளிலிருந்து, பூட்டிய கொட்டகைக்குள் அவருடைய வாத்தியம் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக ஊதியது, முப்பது நாள். அதனால்தான் இன்றைக்கும் பேண்டுக்காரர் யார் இறந்தாலும் முப்பது நாள் ஐந்து மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு நாற்காலி போடுகிறார்கள். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பக்கமாக நடந்து போகிறவர்களும் இல்லை.

முப்பது நாள் அல்ல, ஏழு நாள். ஊதியது நான்.

இறந்தவர் என் தாய்மாமா. சம்பா நடவுக் காலத்தில் மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தபோதே உடம்பு நீலம் பாரித்திருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. பிள்ளை இல்லை. அத்தைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், எனக்குப் பதினொன்று. அத்தை என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். தெருவில் நாலு பேர் நிற்கும்போது இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார், நான் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகவே.

பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியங்கள் எல்லாம் தெருவுக்குச் சொந்தம். யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும் அவரவருடையது. கும்பகோணத்துப் பித்தளைப் பட்டறையில் கொடுத்து, தன் வாய்க்குத் தக்கபடி கடைந்து வாங்கிக்கொள்வார்கள். ஒருவருடையதை இன்னொருவர் வைத்து ஊதினால் அதே யூபோனியம் வேறு குரலில் பேசும். "கொழலு தெருவோடது, மூச்சு அவனோடது" என்பார் பேண்டு மாஸ்டர். ஆகவே ஆள் செத்தால் குழல் கொட்டகைக்குத் திரும்பும். மவுத்பீஸ் அவரோடு சவப்பெட்டிக்குள் போகும். மகன் அதைச் சட்டைப் பையில் வைப்பான். மகன் இல்லாதவருக்கு மருமகன் வைக்க வேண்டும். அந்த மருமகன் நான்.

அத்தை அதை மாமாவின் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொன்னேன். அடுத்த அறுவடை முடிந்ததும் எனக்கு யூபோனியம் கற்றுத் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். இனி அது பெரிய டிரம் அடிப்பவரின் மகனுக்குத்தான் போகும் என்று சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்தது துக்கமா, கோபமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. கால்சட்டைப் பையில் என் பம்பரம் இருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, மவுத்பீஸை எடுத்துக்கொண்டு, பம்பரத்தைச் சுற்றினேன். வடிவமும் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோரும் பார்த்திருக்க மாமாவின் பையில் அதை வைத்தேன். நல்ல பிள்ளை, கை நடுங்காமல் வைத்தான் என்று பாராட்டினார்கள்.

பேண்டு முப்பது நாள் துக்கத்துக்காக மூடியிருந்தது. என் அப்பா சைடு டிரம்காரர்; எங்கள் வீடு கொட்டகைக்கு அடுத்த வீடு; சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவில் ஈ காக்கை இருக்காது, எல்லோரும் நடவில் இருப்பார்கள். துக்க வீடு என்பதால் அத்தை மட்டும் தெருக்கோடியில், வீட்டுக்குள் இருந்தார். அடக்கம் செய்த மறுநாள், நான் கொட்டகையின் பின்கதவைத் திறந்து உள்ளே போனேன்.

உத்தரத்திலிருந்து வாத்தியங்கள் வரிசையாகத் தொங்கின. ஓட்டின் இடுக்கு வழியாக வந்த வெயில் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொட்டு வைத்திருந்தது. யூபோனியத்தை இறக்கி மடியில் வைத்து மவுத்பீஸைப் பொருத்தி ஊதினேன். சுரத்துக்கு முன்னால் உள்ளே தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் வந்தது. குழலைக் கவிழ்த்தேன். மாமா கடைசியாக ஊதியபோது உள்ளே தங்கிய ஈரம், மண்தரையில் ஒரு கை அகலத்துக்கு ஊறியது. எழுந்து ஓடியிருக்க வேண்டிய நேரம் அது. ஓடாமல் மறுபடி ஊதினேன்.

எனக்கு வாசிக்கத் தெரிந்தது நாலே சுரம்தான். அது பாட்டு அல்ல. பயிற்சி முடிந்ததும் மாமா வீட்டுக்குக் கிளம்புமுன் நாலு சுரம் இறங்குமுகமாக ஊதுவார். நாலாவதை நிறுத்தாமல், மூச்சு உள்ளவரை, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி நீட்டுவார். வீட்டுக்கு வருகிறேன், சோறு எடுத்து வை என்று அத்தைக்கு அர்த்தம். தெருவே அதைக் கேட்டுச் சிரிக்கும். அந்த நாலையும் ஊதினேன். மூன்று வந்தது, நாலாவதில் என் மூச்சு பாதியில் அறுந்தது. நான் நிறுத்திய பிறகும் கொட்டகைக்குள் ஏதோ சன்னமாக இரைந்தது. மூலையில் இருந்த அப்பாவின் சைடு டிரம். அதன் அடித்தோலில் இழுத்துக் கட்டிய கம்பிகள், யாரும் தொடாமல், தானாகச் சிலிர்த்து அடங்கின. ஒரு வாத்தியம் ஊதினால் பக்கத்து டிரம் அப்படி அதிரும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அன்று எனக்கு அது பதில் மாதிரி கேட்டது.

அன்று மாலை, அத்தை தட்டில் சோறு போட்டுத் துண்டால் மூடி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சாப்பிடாமல் எழுந்தார். நான் சாப்பிட்டேன்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். ஏன் போனேன் என்று கேட்டால், நாலாவது சுரம் முழுசாக வரவில்லை, அதனால். அது வந்துவிட்டால் மாமா சொன்ன வாக்கு நிறைவேறிவிடும் என்பதுபோல ஒரு பிடிவாதம். மூன்றாம் நாள் கொட்டகையின் முன்கதவுக்கு வெளியே, படியில், வாழையிலைத் துண்டில் வேகவைத்த கடலை இருந்தது. செத்தவருக்கு வைத்த படையல் என்று நினைத்து வியர்த்துவிட்டேன். அதைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். நாலாம் நாளும் இருந்தது. ஐந்தாம் நாளும்.

இதற்கிடையில் அத்தையின் அண்ணன் மாயவரம் பக்கத்திலிருந்து வரப்போவதாகச் செய்தி வந்தது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர், அத்தையைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது தவறில்லை. அம்மாவே அதுதான் நல்லது என்றார். எனக்கு மட்டும் அது நல்லதாகத் தெரியவில்லை. மாமாவும் போய், யூபோனியமும் போய், அத்தையும் போனால் தெருவில் எனக்கு என்ன மிச்சம்?

ஏழாம் நாள் நான் நாலையும் ஊதி முடித்தபோது, முன்கதவின் தகரத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. மெட்டி கழற்றிய விரல்களில் வெளுத்த வளையம் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை மெதுவாகப் பேசினார்.

"அங்கயே இருக்காம சாப்புட வரலாம்ல."

யூபோனியத்தை மடியோடு இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"எங்க அண்ணன் நாளன்னைக்கு வருது, கூப்புட்டுக்கிட்டுப் போவ. போவவா, இருக்கவா?"

அத்தை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை என் வாயில் இல்லை. வாயில் மாமாவின் மவுத்பீஸ் இருந்தது. நான் நாலு சுரத்தையும் மறுபடி ஊதினேன். வீட்டுக்கு வருகிறேன், சோறு எடுத்து வை. இரு என்பதற்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். பாதங்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு போய்விட்டன. டிரம்மின் கம்பிகள் அவர் போன பிறகும் இரைந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில், வாய்க்காலில் தண்ணீர் கரை ததும்ப ஓடிய இடத்தில், மவுத்பீஸை வீசி எறிந்தேன். செத்தவர் பெயரில் பதில் சொல்லிவிட்டோம் என்ற பயம் விடிந்ததும்தான் வந்தது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அன்று, எட்டாம் நாள் சாயங்காலம், அத்தை தெருக்கோடியிலிருந்து கொட்டகைக்கு நடந்து வருவதை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போவதையும் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அண்ணன் வந்தார். அத்தை போகமாட்டேன் என்றார். ஏன் என்றதற்கு, அவர் ஊதினார், கேட்டேன் என்று மட்டும் சொன்னார். அண்ணன் தெருவையே கூட்டிவிட்டார். என் தங்கச்சிக்குப் பைத்தியம் பிடிக்கவைக்க யாரோ விளையாடுகிறீர்கள் என்றார். கொட்டகையைத் திறந்து பார்த்தார்கள். யூபோனியம் உத்தரத்தில் தொங்கியது, மவுத்பீஸ் இல்லாமல்.

பேண்டு மாஸ்டர் சொன்னார்: "மவுத்பீசு மண்ணுக்குள்ள இருக்கு. கதவு பூட்டிக் கெடக்கு. காத்துதான் வந்து ஊதணும்."

"காத்து ஊதுனா அப்பறம் நம்மள எதுக்குக் கல்யாணத்துக்குக் கூப்புடப்போறாங்க" என்றார் பெரிய டிரம்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, நீதான மாமா பையில வெச்சே?"

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. அத்தையும் பார்த்தார். "ஆமா" என்றேன்.

அதோடு முடிந்தது. அண்ணன் கெஞ்சினார், திட்டினார், கடலோரத்துத் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துப் பார்த்தார். பிறகு தனியாக ஊருக்குப் போனார். சைக்கிள் கடைக்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள் பெற்றார் என்று கேள்விப்பட்டேன். அத்தை அந்த வீட்டிலேயே இருந்தார். நடவுக்குப் போனார், களை எடுத்தார், நூறு நாள் வேலைக்கும் போனார். தினமும் ஐந்து மணிக்கு அடுப்பில் இருக்கிறதை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். முதல் இருபது வருஷம் அவரைப் பைத்தியம் என்றார்கள். அடுத்த இருபது வருஷம் சும்மா இருந்தார்கள். அதன் பிறகு வந்தவர்கள் அதை அதிசயம் என்று சொல்லி நாற்காலி போட ஆரம்பித்தார்கள். நான் வெளியூரில் வேலை பார்த்தேன். கிறிஸ்துமசுக்கு அவருக்குப் புடவை அனுப்புவேன். உண்மையை அனுப்பவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், அவர் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தேன். கண்ணில் புரை விழுந்திருந்தது. காது கூர்மையாக இருந்தது.

"அத்தை, மாமா பையில நான் வெச்சது மவுத்பீஸ் இல்ல."

"பின்ன?"

"பம்பரம்."

கீரைத்தண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அங்க போயி அத வெச்சுக்கிட்டு என்னத்தடா பண்ணுவாரு அந்த மனுசன்? சாட்டையாவது குடுத்து அனுப்புனியா?"

"இல்ல."

"கெட்டுது போ."

ஏழு நாளும் ஊதியது நான்தான் என்று சொன்னேன். அவர் தெரியும் என்றார். முதல் நாள் ஏமாந்து சோறு போட்டு வைத்தாராம். இரண்டாம் நாள் கேட்டதுமே தெரிந்துவிட்டதாம்.

"நாலாவதுல ஒனக்கு மூச்சு அறுந்துடும். அவருக்கு அறுவாது. ஒனக்குத்தான் கடலை வெச்சேன். நீ திங்கல, காக்கா தின்னுச்சு."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேட்டீங்க, போகவா இருக்கவான்னு?"

"வேற யாரு என்னைய கேக்க விட்டா? எல்லாரும் முடிவு பண்ணிட்டுல்ல வந்து சொன்னாங்க."

"அன்னைக்குத் தெரு முன்னால நான் பொய் சொன்னப்ப நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒங்கப்பா ஒன் தோல உரிச்சிருப்பாரு."

அவரைப் பைத்தியம் என்று இருபது வருஷம் சொன்னார்களே, அது என் முதுகுத் தோலுக்கான விலை. அப்படியானால் நான் ஊதியதால்தான் இருந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இதைக் கேட்பதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"ஒன் ஊதலுக்கு நான் இருப்பனா? சின்னப்பய நீ. அண்ணங்கூடப் போவத்தான் துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருந்தேன். எட்டாம் நாள் ஒன்கிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு கொட்டகைக்கு வந்தேன்." உருவிய கீரையை முறத்தில் பரப்பினார். "நாலும் வந்துச்சு. நாலாவது முழுசா வந்துச்சு."

"அத்தை, எட்டாம் நாள் நான் போகல. மவுத்பீஸ் காலையிலேயே வாய்க்காலுக்குள்ள போயிடுச்சு."

"அப்புடியா" என்றார். அவர் கை நிற்கவில்லை. "அப்ப நான் நெனச்சது சரிதான்."

போன ஐப்பசியில் அவர் இறந்தார். பேண்டில் இல்லாதவர் என்றாலும் தெரு ஒருமனதாக முப்பது நாள் கதவைத் திறந்து வைத்தது. இரண்டு நாற்காலி போட்டார்கள்.

அவர் சொன்னதை வைத்து என்னை நான் மன்னித்துக்கொள்ளலாம். பல நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை. எட்டாம் நாள் எதுவுமே ஊதவில்லை என்றால், இல்லாததைக் கேட்கும் காதை அவருக்குப் பழக்கிக் கொடுத்தது என்னுடைய ஏழு நாள். தெரு முன்னால் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், எட்டாம் நாளையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டு அவரை வண்டி ஏற்றியிருப்பார்கள், அவரும் நம்பியிருக்கக்கூடும். எட்டாம் நாள் உண்மையிலேயே ஊதியது என்றால், அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். கொட்டகைக்கு அடுத்த வீட்டில், பத்தடி தூரத்தில், ஒரு செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். செயலாளரும் இதைத்தான் கேட்பாள்: அன்று உங்களுக்குக் கேட்டதா சார்?

எனக்குத் தெரியாது. அத்தை கொட்டகைப் படியில் வந்து நின்றதும் ஜன்னலைவிட்டு இறங்கி, மூலையில் நெல் குதிருக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன். என் ரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது. அவர் திரும்பிப் போகிற நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றிய பிறகே கையை எடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். சாவி ஆணியில் தொங்கியது. மவுத்பீஸ் தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே சத்தம் எதுவும் வராது என்று அந்தத் தெருவில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிறகு எதற்காகக் காதைப் பொத்திக்கொண்டோம் என்பது அந்தப் பையனுக்கு அன்று புரியவில்லை.